கெடா சிலுப்புனா உத்தரவு

அந்தக் காலத்துலன்னு நான் வாயைத் தொறந்ததும் ராஜா வருவாரு, ராணி வருவா, கடைசியில கல்யாணச் சாப்பாடு உண்டுன்னு சப்பணம் போட்டு உக்காந்துட்டீங்க பாத்தீங்களா! ராஜாவும் கெடையாது, ராணியும் கெடையாது. ஒரு கெடா, ஒரு அரிவா. சாப்பாடு மட்டும் உண்டு.

ஆடு மாடெல்லாம் பேசிக்கிட்டிருந்த காலம். புளியடிக் கருப்பு கோயில்ல கெடா வெட்டுறவன் பேரு ஒச்சு. ஊர்த்தலைவர் அம்பலம் கண்ணைக் காட்டுனா வெட்டுவான், ஏன் எதுக்குன்னு கேட்டதில்ல. அந்த வருஷம் அவன் பொண்டாட்டி ஏழு மாசம். பிள்ளைத்தாச்சியோட புருஷன் ஒரு உசிரை எடுத்தா அது வயித்துப் பிள்ளை மேல விடியும்னு ஊருக்கே தெரியும்.

“ஐயா, இந்த ஒரு வருஷம் வேற ஆளைப் பாருங்கய்யா.”

“நீயாவா வெட்டுற? நான் சொல்லி வெட்டுற. பாவம் எனக்குடா.”

கட்டிப்போட்டிருந்த கெடா தொண்டையைச் செருமுச்சு. “அப்ப உங்களுக்காகத்தான் என்னை வெட்டுறாங்களா?”

“சேச்சே! சாமி கேக்குதுப்பா!” அம்பலம் கையை மேல தூக்கிட்டாரு.

“அட, பாவம் அதுக்குள்ள கை மாறிருச்சே! ஒச்சண்ணே, கூப்புடு உங்க சாமியை. என் தலையைக் கேட்ட வாய் எதுன்னு பாத்துருவோம்.”

ஒச்சுக்கும் அது தெரிஞ்சாகணும். அரிவாளைத் தரையில குத்தி, “கருப்பா, இந்தப் பழி யாருக்கு?”ன்னு கத்துனான்.

கருப்பு வந்துருச்சு. மீசை என்னமோ முறுக்காத்தான் இருந்துச்சு, மூஞ்சிதான் தொங்கிப்போயிருந்துச்சு.

“நான் கேக்கல. ஆனா என் பேரைச் சொல்லி வெட்டுறப்பெல்லாம் வேண்டாம்னும் சொல்லல. அந்தப் பழி எனக்குத்தான். இனிமே என் உத்தரவு இல்லாம அரிவா எறங்கக்கூடாது. நான் சரின்னா கெடா உடம்புல வந்து சிலுப்புவேன். சிலுப்பலன்னா அவுத்து விட்டுரணும்.”

கெடாவுக்குத் தலைகால் புரியல.

“ஆனா ஒண்ணு,”ன்னுச்சு கருப்பு. “நீ பேசுறியா நான் பேசுறனான்னு இவங்களுக்குக் குழம்பும். உன் பேச்சை எங்கிட்டக் குடுத்துரு.”

“எடுத்துக்க சாமி! தலை தப்புனா போதும், பேச்சு எதுக்கு?” அதுதான் கெடா பேசுன கடைசிப் பேச்சு.

ஊரே காத்துக் கெடந்துச்சு. கெடா ஆடல, அசையல. உச்சி வெயில் ஏறிருச்சு. அடுப்புல ஒலை கொதிச்சுக் கொதிச்சு வத்துது. ஒச்சு மனசு லேசாகி, கயித்தை அவுக்கக் குனிஞ்சான்.

கெணத்துல தண்ணி எடுத்துட்டு அந்தப் பக்கமாப் போய்க்கிட்டிருந்தா செவனம்மா. அம்பலம் அவ இடுப்புக் குடத்தை வெடுக்குன்னு பிடுங்கி, “சாமி எறங்குற உடம்பு, சுத்தமா இருக்கட்டும்!”னு கெடா மேல கவுத்தாரு.

தலையிலேருந்து வாலு வரைக்கும் சிலுப்புச்சு கெடா.

“உத்தரவு! உத்தரவு!”

குளுருதுய்யான்னு சொல்லப் பாத்துச்சு கெடா. “மே”ன்னுதான் வந்துச்சு.

காலிக் குடத்தோட நின்ன செவனம்மாதான் கத்துனா: “பச்சத்தண்ணிய ஊத்துனா கருப்பசாமியே சிலுப்பும்யா!”

அம்பலம் மேளக்காரங்க பக்கம் திரும்புனாரு. “என்னப்பா வேடிக்கை? அடிங்க!”

கருப்பும் கோயிலுக்குள்ளேருந்து பதறி ஓடியாந்து, “நான் சொல்லல, நான் சொல்லல”ன்னு கத்துச்சு. மேளத்துல அமுங்கிப்போச்சு. வாய் அசையிறது மட்டும் ஒச்சுக்குத் தெரிஞ்சுச்சு. ‘வெட்டு’ன்னுதான் சொல்லுதுன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு அரிவாளைத் தூக்குனான்.

அன்னையிலேருந்துதான், கெடா மேல தண்ணி தெளிக்கிறப்ப மட்டும் மேளத்தை அந்த அடி அடிக்கிறாங்க.