ஆறரை மணிக் கதவு

தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் இன்று நீங்கள்தான் உட்கார வேண்டும். வழக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஊர்ப் பெயர் எதற்கு? நகரத்துக்கு வெளியே, பேருந்து அபூர்வமாக வருகிற பொட்டலில் கட்டிய ஒன்று.

அங்கே விடுதியில் தங்கி விலங்கியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள் ஜெபக்கனி. கொசுப் புழுக்களைத் தட்டுகளில் வளர்த்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணிக் குறிப்பது அவள் வேலை. காலை எட்டு, நண்பகல், மாலை நான்கு, மறுபடி எட்டு. அந்தக் கடைசி எட்டில்தான் வம்பு. பெண்கள் விடுதிக் கதவை மாலை ஆறரைக்கே பூட்டிவிடுவார்கள். ஆண்கள் விடுதிக்குக் கதவு ஒன்று உண்டா என்பதையே யாரும் கவனித்ததில்லை. எட்டு மணிக் கணக்கை அவளுக்காக உடன் படித்த ஒருவன் எடுத்துத் தந்துகொண்டிருந்தான். ஒருநாள் நெறியாளர் சொல்லிவிட்டார்: "அடுத்த மாசத்திலேருந்து நாலையும் நீயே எடுக்கணும். முடியலன்னா தலைப்பு அவனுக்குப் போயிடும்."

ஜெபக்கனி பெண்கள் சமத்துவ மன்றத்தைத் தேடிப் போனாள். அதன் செயலாளர் வடிவுக்கரசி, நகரத்திலிருந்து அப்பாவின் காரில் வந்து போகிறவள். நன்றாகப் பேசுவாள், யாருக்கும் பயப்படமாட்டாள். கேன்டீனில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புதன்கிழமை கூட்டத்துக்கு வா, பேசலாம். எப்பவும் சாயங்காலம் ஏழு மணி" என்றாள்.

"ஏழு மணிக்கா? எங்க கதவு ஆறரைக்குப் பூட்டிருமேக்கா."

வடிவுக்கரசிக்குக் கோபம் வந்தது. "ரெண்டு வருஷமா மன்றம் நடக்குது. இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க? இப்ப வந்து நொட்டை சொல்ற."

"உள்ளதான் இருந்தோம்."

பக்கத்து மேசையில் ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள். அவள் தேன்மொழி, பன்மை வட்டம் என்ற இன்னொரு குழுவை நடத்துகிறவள். "என்ன செயலாளரே, பதில் வந்துருச்சா?"

தேன்மொழி திருநங்கை. பெண்கள் விடுதியில் அவளுக்கு இடமில்லை என்றார்கள். ஆண்கள் விடுதிக்குப் போ என்றார்கள், அவள் போகவில்லை. பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு கோழிக்கடை மாடியில் குடியிருந்தாள். மாதக் கடைசிக்குள் அதையும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.

ஒருவரையொருவர் நம்பாமலேதான் மூவரும் சேர்ந்தார்கள். கோரிக்கை இரண்டு: கதவு ஒன்பது மணிவரை திறந்திருக்க வேண்டும், தேன்மொழிக்கு விடுதியில் இடம் வேண்டும். ஒட்டிய போஸ்டர்கள் மறுநாளே கிழிந்து கிடந்தன. கிழியாத ஒன்றில், 'இருட்டுன பிறகு வெளியே என்னடி வேலை?' என்று யாரோ எழுதியிருந்தார்கள். மூன்றாம் வாரம் பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். ஒன்றை விட்டு ஒன்றை வாங்குவதில்லை என்று மூவரும் கையடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். விடுதிக்காரி என்பதால் ஜெபக்கனி பேசுவதாக ஏற்பாடு.

பதிவாளர் மனுவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வருஷம் ஒண்ணுதான். எதுன்னு சொன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன். சொல்லலைன்னா ரெண்டும் கிடையாது. கதவா, இல்ல..." தேன்மொழியை மேலும் கீழும் பார்த்தார். "இந்த... இவங்களா?"

வடிவுக்கரசி எழுந்துவிட்டாள். "ரெண்டும் தரலைன்னா ஒண்ணும் வேண்டாம் சார். வாங்கடி, போகலாம்."

"உங்களுக்கு வெளிய கார் நிக்குதும்மா. நீங்க தாராளமாப் போங்க."

தேன்மொழி ஜெபக்கனியின் பக்கம் குனிந்தாள். "நீ கதவைக் கேளு. அது விடுதியில இருக்கிற நானூறு பேருக்கு. நான் ஒருத்திதான், எங்கயாவது பாத்துக்கிறேன்."

கதவு என்ற சொல் ஜெபக்கனியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவளுடைய தட்டுகள் அவளிடமே இருக்கும். அப்படி நினைத்ததுமே கூசிப் போனாள். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"தேன்மொழிக்கு இடம் குடுங்க சார்."

பதிவாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். சாயங்காலமே விடுதிப் பலகையில் அறிவிப்பு வந்துவிட்டது: மாணவியர் பிரதிநிதியின் விருப்பப்படி ஓர் அறை ஒதுக்கப்படுகிறது, கதவு நேரத்தில் மாற்றமில்லை.

மெஸ்ஸில் ஜெபக்கனியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "உன் படிப்பை நீ தானம் பண்ணிக்கோ. எங்க கதவைத் தூக்கிக் குடுக்க நீ யாருடி?" வடிவுக்கரசி, கையடித்த கையைப் பார்த்துக்கொள் என்று ஒரே வரி எழுதி அனுப்பினாள். பெட்டியோடு வந்து இறங்கிய தேன்மொழியும் நன்றி சொல்லவில்லை. "வேண்டாம்னு சொன்னேன், கேட்டியா? இந்த நானூறு பேருக்கும் இனி நான்தான் பூட்டு." அடுத்த மாதம் கொசுப் புழுத் தட்டுகள் கைமாறின.

வடிவுக்கரசி சத்தியத்தைக் காப்பாற்றினாள். தேன்மொழி தனக்கு வரவிருந்த இடத்தை வேண்டாம் என்றாள். ஜெபக்கனி தன் ஆராய்ச்சியை இழந்து இன்னொருத்திக்குக் கூரை வாங்கித் தந்தாள். சொல்லுங்கள், இந்த மூவரில் சரியாக நடந்துகொண்டவள் யார்?

விடை: தேன்மொழி. வடிவுக்கரசி உதறத் துணிந்த இரண்டில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. ஜெபக்கனியின் இரக்கம் உண்மையானது. ஆனால் தன்னுடையதோடு, கேட்காமலே நானூறு பேருடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். சத்தியத்தில் தேன்மொழிக்கென்று இருந்த பாதியிலிருந்து மற்றவர்களை விடுவிக்க அவளுக்கு உரிமை இருந்தது. அவள் அதை மட்டும்தான் செய்தாள். ஆனாலும் மனம் ஆற மறுக்கிறது. இரண்டையும் தரக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. ஏன் ஒன்றுதான் என்று மூவரில் ஒருத்தியும் அந்த மனிதரைக் கேட்கவில்லை.