குடலைக் கழுவிய அண்ணன் தம்பிகள்

தோவாளையில் மாலை கட்டும் பூதலிங்கமும் அவர் தம்பிகள் தாணுமூர்த்தியும் செண்பகராமனும் ஒரே மூளையை மூன்றாகப் பங்குபோட்டுக்கொண்டவர்கள். பங்கு குறைந்துவிடக் கூடாதென்று மூவருமே அதைச் செலவழிப்பதில்லை.

ஐம்பது வயதில் அண்ணனுக்கு மலத்தோடு ரத்தம் போயிற்று. அப்பா குடல் புற்றுநோயில் போனவர். தம்பிகள் அழுது தீர்த்துவிட்டு, அண்ணனை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள்.

"பயப்படாதீங்க. கேமரா விட்டு உள்ளே பார்த்துடலாம். நாளைக்குக் குடலைச் சுத்தம் பண்ணிட்டு, வெறும் வயித்தோட வாங்க" என்று பேதி மருந்தும் கொடுத்தார் அவர்.

வீட்டில் ஆலோசனை நடந்தது.

"நம்ம பூக்குடலையை அவங்க எப்பம்ணே பார்த்தாங்க?" என்றான் தாணுமூர்த்தி.

"படிச்சவங்களுக்குத் தெரியும்லே. சுத்தம் பண்ண மருந்தே தந்துட்டாங்களே" என்றார் அண்ணன்.

மருந்து முழுவதையும் தண்ணீரில் கலக்கி, பூ வைக்கும் ஓலைக்குடலையை அதில் ஊறப்போட்டுத் தேய்த்தார்கள்.

மறுநாள் மூவரும் சட்டையில்லாமல் போய் நின்றார்கள். கேமரா என்பதால் முகத்தில் அப்பிய பவுடர். அண்ணன் கையில் பளபளவென்று குடலை.

"சட்டை எங்கே?" என்றார் டாக்டரம்மா.

"வெறும் வயித்தோட வரச் சொன்னீங்களே!"

டாக்டரம்மா குடலையைப் பார்த்தார். பவுடரைப் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "இவரை இங்கேயே படுக்க வை. மருந்தை நீயே வாயில ஊத்து. இவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிடாதே" என்றார்.

அடுத்த நாள் பரிசோதனை நடந்தது. வெளியே தம்பிகள் காத்திருந்தார்கள்.

"அண்ணன் கேமராவைப் பார்த்துச் சிரிச்சிருப்பாரா?"

"பின்பக்கமாப் போகுமாம்லே. முகமே விழாது."

"ஐயோ, பவுடர் வீணாப் போச்சே!"

டாக்டரம்மா சிரித்தபடி வந்தார். "குடல்ல சின்னதா சதை முளைச்சிருந்தது. விட்டிருந்தா புத்துநோயா மாறியிருக்கும். இப்பவே எடுத்தாச்சு. உங்க அப்பாவுக்கு இருந்ததால நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்கணும்."

தம்பிகள் அவர் காலில் விழுந்து எழுந்தார்கள். அந்த வாரமே பரிசோதனைக்கும் வந்தார்கள். இந்தத் தடவை சட்டை போட்டிருந்தார்கள். பவுடரையும் சரியான இடத்தில் போட்டிருந்தார்கள்.

இருவருக்கும் ஒன்றுமில்லை. டாக்டரம்மா மூவரையும் உட்காரவைத்து, "இனிமே பீடி கூடாது. கீரை வாங்குங்க. நார்ச்சத்து நிறையச் சாப்பிடுங்க" என்று அனுப்பினார்.

அடுத்த முகூர்த்தத்தன்று மாலை வாங்க வந்த பெண்வீட்டார் திகைத்து நின்றார்கள். மூவரும் ஊறவைத்த வாழைநாரைத் தட்டில் போட்டு, கண்ணீர் வழிய மென்றுகொண்டிருந்தார்கள்.

"மாலை ரெடியா?"

பூதலிங்கம் கஷ்டப்பட்டு ஒரு வாய் விழுங்கினார்.

"நாரெல்லாம் எங்க வயித்துக்கு வேணும்யா. அதனால மாலையைக் கீரைத்தண்டுல கட்டியிருக்கோம். தாலி கட்டுற வரைக்கும் மாப்பிள்ளையை ஆட்டுப்பக்கம் மட்டும் விட்டுடாதீங்க."