ஏழாம் நம்பர் அயர்ன்

"படி சிறுத்தால் நெல் பெருகும்..." சபையில் முன்னாள் மந்திரி பெரியவர் அடிக்கடி சொல்லும் பேச்சு. மறுபாதி என்ன? குளக்கரையில் நின்று அரண்மனை விகடகவி சேந்தன் மண்டையைக் கசக்கிப் பார்த்தான். நினைவு வரவில்லை. எதிரே மகாராஜா கோல்ஃப் மட்டையைக் குளத்தில் வீசி எறிய ஓங்கிக்கொண்டிருந்தார்.

செங்காட்டு மலை சமஸ்தானத்து மன்னர் மாறவேளுக்கு அந்த வருஷம் ஒரே கவலை. மழை பொய்த்ததா? அது குடிகளின் கவலை. மன்னரின் கவலை வேறு. போன மாதம் விருந்துக்கு வந்த வெண்குன்றத்து ராஜா, இந்தக் குளத்தை ஏழாம் நம்பர் அயர்னால் தாண்டி அடித்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார். நம் மன்னருக்கோ ஐந்தாம் நம்பர் வேண்டியிருந்தது.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அயர்ன் என்பது இரும்புத் தலை வைத்த மட்டை. நம்பர் ஏற ஏற அதன் முகம் மல்லாந்துகொண்டே போகும், கம்பும் குட்டையாகும். பந்து வானத்தைப் பார்த்து எழும்பிப் பக்கத்திலேயே விழும். ஆகவே பெரிய நம்பரால் தூரம் அடிப்பவன்தான் வீரன். மற்றவனெல்லாம் வெறும் ராஜா.

"சேந்தா! இத்தனை பேர் சம்பளம் வாங்குகிறீர்கள். என் மானத்தைப் பற்றி ஒருத்தனுக்காவது கவலை உண்டா?"

"பந்துக்கு உண்டு, மகாராஜா. அதனால்தான் குளத்தில் விழுந்துவிட்டது."

மன்னர் முறைத்தார். சமயம் பார்த்து முன்னால் வந்தார் மந்திரி உலகுடையார். பின்னாலேயே ஒரு வெளியூர் வியாபாரி, தோளில் பளபளக்கும் பையோடு.

"அரசே," என்றார் மந்திரி, "குறை உங்கள் தோளில் இல்லை, மட்டையில். இதோ புது அயர்ன். உள்ளே வெறும் கூடு. நுனியில் டங்ஸ்டன். முகம் அப்பளத்தைவிட மெலிசு. கம்ப்யூட்டரே உட்கார்ந்து வரைந்தது!"

"அந்தக் கம்ப்யூட்டர் கோல்ஃப் ஆடியிருக்கிறதா?" என்றான் சேந்தன்.

"அது எதற்கு ஆட வேண்டும்?" என்றார் மந்திரி.

"அதுவும் சரி. நம்மிடமும் ஆடாமலே ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்."

மன்னர் புது ஏழாம் நம்பரை வாங்கி வீசினார். பந்து குளத்தைத் தாண்டி அக்கரைப் புல்லில் போய் உட்கார்ந்தது. மன்னர் துள்ளிக் குதித்ததில் தலைப்பாகை அவிழ்ந்தது.

"என்ன வேண்டும், கேள்!"

வியாபாரி பணிவாகச் சொன்னான்: "தெற்குச் சரிவைக் கொடுத்தால் போதும். மட்டைகளைச் சோதித்துப் பார்க்க."

சேந்தன் குறுக்கே புகுந்தான். "மகாராஜா, நாற்பது குடும்பத்து ஆடுகள் அங்கேதான் மேய்கின்றன."

"ஆட்டுக்கு இந்த மலையில் வேறு இடமா இல்லை?"

"இல்லை. மிச்சமெல்லாம் உங்கள் கோல்ஃப் மைதானம்."

மன்னருக்குச் சுருக்கென்றது. "வெள்ளிக்கிழமை பட்டயத்தில் முத்திரை வைக்கிறேன். அதற்குள் இதைவிட நல்ல ஏழாம் நம்பரைக் கொண்டு வா. முடியாவிட்டால் அந்த ஆடுகளோடு நீயும் மலையிறங்கு!"

சேந்தன் புது மட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அரண்மனைக் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கினான். புது ஏழாம் நம்பரையும் மன்னரின் பழைய ஏழாம் நம்பரையும் அருகருகே நிறுத்தி, நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தான். பழையது மல்லாந்து கிடந்தது. புதியது விறைப்பாக நிமிர்ந்து நின்றது. ஒரு சந்தேகம் தட்டவே, பழைய ஐந்தாம் நம்பரை எடுத்துப் புதியதன் அருகே வைத்தான். இரட்டைப் பிள்ளைகள்! அதே நிமிர்வு. கம்பும் அதே நீளம்.

பெரியவர் சொன்னதன் மறுபாதி அந்த நொடியில் நினைவு வந்தது. சேந்தன் நேரே கொல்லன் பட்டறைக்கு நடந்தான்.

வெள்ளிக்கிழமை. பட்டயம் தயார். சேந்தன் பட்டுத் துணியை விலக்கினான். கன்னங்கரேலென்று ஒரு மட்டை, புதுப் பிடி, முதுகில் சிவப்பாக ஒரு திருகாணி, அடியில் பெரிதாக '7'.

"எந்த நாட்டுச் சரக்கு?" என்றார் மன்னர்.

"முதலில் அடியுங்கள், மகாராஜா."

அடித்தார். பந்து குளத்தைத் தாண்டியது. வியாபாரியின் மட்டையில் போனதைவிட இரண்டு முழம் தள்ளியே விழுந்தது.

காற்று திசை மாறியதை உலகுடையார் மோப்பம் பிடித்துவிட்டார். "ஆகா! அந்தச் சிவப்புத் திருகாணியில்தான் அரசே சூட்சுமம் முழுவதும்! எடையை அப்படியே பந்துக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது!"

"புதன்கிழமை வரை அது குளியலறைத் தாழ்ப்பாளை நிறுத்திக்கொண்டிருந்தது, மந்திரியாரே. இங்கே அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறேன்."

உலகுடையார் இரண்டடி பின்வாங்கி வியாபாரியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"அப்படியானால் மட்டை?" என்றார் மன்னர்.

"உங்களுடையதுதான். பழைய ஐந்தாம் நம்பர். கொல்லர் ஐந்தைத் தட்டி அழித்துவிட்டு ஏழு குத்தினார். கறுப்பும் அவர் பூசியதே."

வியாபாரி துள்ளினான். "எங்கள் தொழில்நுட்பம் நிஜமானது!"

"இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், ஐயா. ஓரத்தில் பட்டாலும் பந்து ஓரளவு நேரே போகிறது. அதை மெச்சுகிறேன். ஆனால் முகத்தை ஐந்தாம் நம்பர்போல நிமிர்த்திவிட்டு ஏழு என்று குத்தியது கம்ப்யூட்டரா, நீங்களா?"

வியாபாரி குளத்தைப் பார்த்தான்.

மன்னரின் குரல் தணிந்தது. "அந்த வெண்குன்றத்தான்...?"

"அவருக்கும் இதே வியாபாரிதான், மகாராஜா. கொல்லர் விசாரித்துவிட்டார். அங்கே விலையாகப் போனது மாந்தோப்பு."

மன்னர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரையில் நின்ற கொக்குகள் கிளம்பிப் பறந்தன. தோளில் கிடந்த சால்வையை எடுத்துச் சேந்தனுக்குப் போர்த்தினார்.

"பெரியவர் ஏதோ சொல்வாரே, படி சிறுத்தால் நெல் பெருகும் என்று. அதன் மிச்சம் என்ன?"

"பசி ஆறாது, மகாராஜா."

மன்னர் தலையாட்டினார். மட்டையைத் திருப்பி, அடியில் இருந்த எண்ணைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு பட்டயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு எல்லோரும் கேட்கச் சொன்னார்:

"தெற்குச் சரிவு ஆடுகளுக்கே. ஏழு அப்படியே இருக்கட்டும்."