கோட்டைக்குள் இரண்டு ஒற்றர்கள்

தூத்துக்குடியில் கேம் சென்டர் நடத்தும் ஜெசிந்தாவுக்கு வயது இருபத்துநாலு. அவளுடைய ஒரே சிஷ்யர் ஆவுடையப்பனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. உப்புக் கிடங்கில் இராக்காவல் வேலை. பகலில் தூங்க வேண்டிய மனுஷன் இங்கே வந்து உட்கார்ந்து, வேறொருத்தன் காவல் காக்கிற கோட்டைக்குள் நுழையப் பார்ப்பார்.

அது இணையத்தில் ஆடும் ஒற்றர் ஆட்டம். தனியாகவும் ஆடலாம், இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஜோடி, புனேயில் இருக்கும் மகள் செண்பகம். ஜோடி அப்பாதான் என்று அவளுக்குத் தெரியாது.

அவள் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. மகள் ஓய்வில் ஆடுவது இந்த ஆட்டம் என்று மனைவி வாய்தவறிச் சொன்னதிலிருந்து, வேறு பெயரில், வாயைத் திறக்காமல், ஞாயிறுதோறும் அவளோடு பதுங்கித் திரிகிறார். தெரிந்தால் இதுவும் போய்விடுமே என்று பயம்.

சனிக்கிழமை அலுத்துக்கொண்டார்.

"என்ன ஆட்டம் டீச்சர் இது? கூரை வழி, சாக்கடை வழின்னு ஆயிரம் வழி இருக்கு. காவக்காரனுக பேசுத ஊர்க்கதையைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம். ஆனா ஒருத்தன் கண்ணுல பட்டாப் போதும், கோட்டையே முழிச்சுக்கிடுது. சாக்குமூட்டைக்குப் பின்னால இருந்தாலும் பாத்துருதான், பாவி!"

"பாத்துட்டா என்ன செய்வீக, அண்ணாச்சி?"

"அழிச்சிட்டு முதல்லேருந்து."

"எப்பவுமேவா?"

"பின்ன? மாட்டிக்கிட்டு முழிக்கவா?"

ஜெசிந்தா கன்ட்ரோலரை வாங்கினாள். ஒற்றனை நடத்திக்கொண்டு போய், தீவட்டி எரியும் முற்றத்தின் நட்டநடுவில் நிறுத்தினாள்.

"ஏ, ஏ! என்ன செய்தீக?"

மணி அடித்தது. ஒற்றன் ஓடிப்போய்க் கிணற்றுக்குள் தொங்கினான். காவலர்கள் தேடினார்கள், வைதார்கள், "பூனையா இருக்கும்" என்று கலைந்தார்கள். ஓடிவந்த அவசரத்தில் அவர்கள் திறந்துபோட்ட கதவு அப்படியே கிடந்தது.

அந்தக் கதவு திறந்து ஆவுடையப்பன் பார்த்ததே இல்லை.

"இப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்லவே இல்லையே, டீச்சர்!"

"நீங்க அதுவரைக்கும் இருந்தாத்தானே?"

மறுநாள் அப்பாவும் மகளும் கோட்டைக்குள் இருந்தார்கள். மகளின் ஒற்றன் மதிலோரம் ஊர்ந்தான். இவருடைய ஒற்றன் வைக்கோல் போருக்குள் ஒளிந்திருந்தான். மகளுக்குப் பின்னால், வேலோடு ஒருவன் ஓசையில்லாமல் வந்தான்.

"ஏட்டி, பின்னால பாரு!"

கத்திவிட்டார். பிறகுதான் உறைத்தது.

அவள் உருண்டு தப்பினாள். அப்புறம் அசையவில்லை. ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"யாரு?"

ஆவுடையப்பன் மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். மறு கை, ஆட்டத்தை விட்டு வெளியேறும் பொத்தானைத் தேடியது.

"கண்டுபிடிச்சுட்டா, டீச்சர். போயிருதேன். இனி ஞாயித்துக்கிழமையும் இல்லை எனக்கு."

ஜெசிந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் ஒற்றன் மதிலோரத்தை விட்டு நகர்ந்து, முற்றத்தைக் கடந்து, வைக்கோல் போருக்குள் புகுந்து, இவருடைய ஒற்றனை ஒட்டி உட்கார்ந்தான்.

"அப்பா?" என்றது ஸ்பீக்கர். "நீங்களாப்பா?"

ஆவுடையப்பன் குருவைப் பார்த்தார்.

"காவக்காரன் பாத்தாத்தான் ஓடணும், அண்ணாச்சி" என்றாள் அவள்.