அந்தி பார்க்காத மாப்பிள்ளைகள்

இந்தக் கதையில் ஓரிடத்தை நான் ஆறு வருடங்களாக நம்பவில்லை. ஈக்கள் செய்ததை எல்லாம் நம்பிவிட்டேன். ஒரு மனுஷி சொன்ன ஒரு சொல்லைத்தான் நம்ப முடியவில்லை. குறை கதையிலா, என்னிடமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சொன்னவர் தவசி. கதையும் அவருடையதுதான்.

தவசி கம்பத்துப் பக்கம் இருபத்தைந்து வருடம் பூச்சிமருந்துக் கடை நடத்தினார். ஐம்பத்து மூன்றாவது வயதில் கடையைச் சாத்திவிட்டு, பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஜெசிந்தாவின் முன்னால் போய் நின்றார். ஜெசிந்தாவுக்கு அப்போது நாற்பத்தொன்று.

"எனக்குக் கொல்லத்தான் தெரியும். வேற ஏதாவது சொல்லிக்கொடுங்க டீச்சர்."

"வளர்க்கத் தெரியுமா அண்ணே?"

மறுநாளே அவரை ஈ வளர்க்கும் அறையில் விட்டார்கள். கூண்டு கூண்டாக ஈக்கள். தீவனம் பிசைந்து வைக்க வேண்டும். தண்ணீர்ப் பஞ்சை மாற்ற வேண்டும். மாலை ஆறு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும்.

மூன்றாம் நாள் தவசி கேட்டார். "எதிரிய எதுக்கு டீச்சர் இப்படி ஊட்டி ஊட்டி வளக்குறோம்?"

"மாப்பிள்ளைகள வேற எப்படி வளப்பாங்க?"

ஜெசிந்தா அந்த ஈயின் மரபணுவில் இரண்டு இடங்களைத் திருத்தியிருந்தார். திருத்திய முட்டைகளில் பெண் ஈ பிறக்காது. ஆண் பிறக்கும், ஆனால் அதற்கு வாரிசு உண்டாகாது. அந்த ஆண்களைத் தோட்டத்தில் விட்டால் அங்குள்ள பெண் ஈக்கள் அவற்றோடு சேரும். காயில் முட்டையிடும். முட்டை பொரிக்காது. புழுவும் இல்லை, மருந்தும் இல்லை.

தோட்டம் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தவசி தன் பழைய வாடிக்கையாளர் காமுத்தாயிடம் போனார். அரை ஏக்கர் பாகல் பந்தல்.

"நீங்க அடிக்கச் சொன்னீங்க, அடிச்சோம்," என்றார் காமுத்தாய். "அடிச்சு அடிச்சு அந்த மனுசனுக்கு மூச்சு இழுக்குது. இப்ப அடிக்காதேங்கிறீங்க. வாய் உங்களுதுதானா, வாடகைக்கு வாங்குனதா?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் சடையாண்டி சிரிக்கப் போய் இருமினார். இருமல் நிற்கும்வரை தவசி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, விடுங்க உங்க ஈய," என்றார் காமுத்தாய். "இவரு மறுபடி மருந்து டேங்கத் தூக்குனா தாங்க மாட்டாரு. ஆனா காய் அழுகுனா சும்மா இருக்கவும் மாட்டாரு."

அனுமதி வாங்கி, பந்தலைச் சுற்றிலும் மேலேயும் மெல்லிய வலையால் மூடினார்கள். பூ காய்பிடிக்க உள்ளே இரண்டு தேன்பெட்டிகள் வைத்தார்கள். அடையாளம் தெரிய ஆய்வக ஈக்களின் மேல் ரோஸ் நிறப் பொடியைத் தூவி, இருபதாயிரத்தைத் திறந்துவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் காமுத்தாய் ஒரு காயைப் பிளந்து தவசியின் கையில் வைத்தார். உள்ளிருந்து ஒரு புழு எகிறி அவர் சட்டையில் விழுந்தது.

"உங்க மாப்பிள்ளைங்க பந்தியில உக்கார மட்டும் வந்தாங்களா கடைக்காரரே?"

அவருக்குப் பின்னால் சடையாண்டி மருந்தடிக்கும் டேங்கை எடுத்துவைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு மாசம் பாப்பேன். அதுக்கு மேல நான் இவரத் தடுக்க மாட்டேன்."

தவசி ஓடி வந்தார். "மரபணுவுல தப்பா டீச்சர்?"

ஜெசிந்தா இரண்டு தடவை சோதித்தார். தப்பு இல்லை.

"அப்ப டோஸக் கூட்டுவோம்."

ஜெசிந்தா மறுக்கவில்லை. நாற்பதாயிரம் போயிற்று. புழு குறையவில்லை.

"இன்னும் கூட்டுவோமா?"

"நீங்க தோட்டத்துக்கு எப்பப் போவீங்க அண்ணே?"

"காலைல பத்து மணிக்கு."

"சாயங்காலம்?"

"அப்ப எதுக்கு? இங்க வேலை இருக்கே."

"இன்னைக்கு அந்த வேலைய வேற யாரும் பாக்கட்டும். வாங்க."

இருவரும் பந்தலுக்கடியில் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்தார்கள்.

"என்ன பாக்கணும் டீச்சர்?"

"தெரியல. உக்காருங்க."

எல்லாம் தெரிந்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று தவசி நினைத்துக்கொண்டார். மேற்கு மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. வெளிச்சம் மஞ்சளாகி, பழுப்பாகி, சாம்பலாகிக்கொண்டே வந்தது. தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பின. அப்போதுதான் இலைகளுக்கடியில் ஒரு சத்தம் தொடங்கியது. மெல்லிய ரீங்காரம். ஆண் ஈக்கள் இலைக்கு ஒன்றாக நின்று இறக்கையை அதிரவைத்தன. பெண் ஈக்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின.

தவசி டார்ச்சை எடுக்காமலே கண்ணை இடுக்கிப் பார்த்தார். அதிர்ந்த இறக்கைகளில் ஒன்றில்கூட ரோஸ் பொடி இல்லை.

ரோஸ் ஈக்கள் எல்லாம் வலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. நாற்பதாயிரம் மாப்பிள்ளைகள், முகூர்த்த நேரத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ஏன் டீச்சர் இதுக சும்மா இருக்கு?"

வெளிச்சம் இன்னும் ஒரு படி குறைந்தது. தவசி தினமும் ஸ்விட்சைத் தட்டும் தன் வலது கையைப் பார்த்தார். ஆறு மணி. எட்டுக் குழல்விளக்குகளுக்கும் ஒரே ஸ்விட்ச். ஒரு தட்டு. பகல், உடனே இருட்டு.

"டீச்சர், நம்ம ரூமுல அந்தியே கிடையாது."

"ம்."

"நான்தான் அணைக்கிறேன். தினமும் நான்தான் அணைச்சேன்."

மறுநாள் தவசி எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எட்டு விளக்குக்கும் எட்டு ஸ்விட்ச் போட்டார். புதிதாகக் கூட்டிலிருந்து வெளிவந்த ஈக்களுக்கு அன்றிலிருந்து அந்தி உண்டு. ஐந்தரைக்கு ஒரு விளக்கு. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்று. கடைசியில் சிவப்புத் துணி சுற்றிய ஒரு சின்ன பல்பு. அதையும் மெல்லத் திரையிட்டு மூடினார். பன்னிரண்டாம் நாள் மாலை, நான்காவது விளக்கை அணைத்தபோது, கூண்டுகளுக்குள் அந்த ரீங்காரம் கேட்டது. தவசி ஸ்விட்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

காமுத்தாய் கொடுத்த மாதத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள் அந்த ஈக்களைத் திறந்துவிட்டார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் சடையாண்டி டேங்கோடு வந்தார். தவசி கும்பிட்டார். "ஒரு அரை மணி நேரம் உக்காருங்க அண்ணாச்சி. அப்புறம் உங்க இஷ்டம்."

நான்கு பேரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். வெளிச்சம் சாம்பலானது. ரீங்காரம் எழுந்தது. காமுத்தாய் ஓர் இலையின் அடியில் எட்டிப் பார்த்தார். அடுத்த இலை. அதற்கடுத்த இலை.

"ஏய்! ரோஸுய்யா! இங்கயும் ரோஸு! இந்தா, இவன் பொண்ணையே பிடிச்சுட்டான்!"

சடையாண்டி டேங்கின் மேலேயே உட்கார்ந்து முழங்காலில் தட்டிச் சிரித்தார். இருமலும் வந்தது. சிரிப்பு நிற்கவில்லை.

அதற்குப் பிறகு கெடுவைப் பற்றி யாரும் பேசவில்லை. வாரா வாரம் ஈக்கள் போயின. ஏழாவது வாரம் காமுத்தாய் அரிவாள்மனையைப் பந்தலுக்கே கொண்டுவந்து, வரிசைக்கு இத்தனை என்று நூறு காய்களைப் பறித்து நறுக்கினார். விரலெல்லாம் பச்சையானது. ஒரு காயிலும் புழு இல்லை. கடைசிக் காயின் ஒரு துண்டைப் பச்சையாக வாயில் போட்டு மென்றார். முகம் கோணியது.

"பாகக்கா பாகக்காயாத்தான் இருக்கு," என்றார். "மருந்து வாடை இல்லாம."

சடையாண்டி அந்த அரிவாள்மனையை வாங்கி, டேங்கின் தோள்வார் இரண்டையும் அறுத்துப் போட்டார்.

அன்று திரும்பி வரும் வழியில் தவசி மனசில் வைத்திருந்ததைக் கேட்டார். "உங்களுக்கு முன்னமே தெரியும்தானே டீச்சர்? நானே கண்டுபிடிக்கட்டும்னுதானே கூட்டிட்டுப் போனீங்க?"

ஜெசிந்தா இல்லையென்று தலையை ஆட்டினார்.

"தெரியாது அண்ணே. இந்த ஈ அந்தியில சேரும்னு பரீட்சையில எழுதி ரெண்டு மார்க் வாங்கியிருக்கேன். அது வரப்புல உக்காந்தப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. பத்து வருஷமா அஞ்சரை மணி பஸ்ஸுக்குப் போறவ நான்."

இதைத் தவசி என்னிடம் சொல்லி ஆறு வருடம் ஆகிறது.

அந்தத் 'தெரியாது' என்ற சொல்லைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. போன மாதம் தவசியைப் பார்த்தபோது கேட்டேவிட்டேன்.

"அப்படியென்றால், அன்றைக்குச் சாயங்காலம் அவர் எதைக் காட்ட உங்களைக் கூட்டிக்கொண்டு போனார்?"

தவசி தன் பக்கத்தில் இடம் காட்டி, "தெரியல. உக்காருங்க," என்றார்.