வெள்ளையே இருக்கட்டும்

கோயம்புத்தூருக்குத் தெற்கே ஒரு பந்தயத் தடத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் சுகந்தி. முப்பத்தெட்டு வயது. அவருடைய சீடர்களில் மூத்தவர் நாச்சிமுத்து, பம்புசெட் தயாரிக்கும் பட்டறையின் முதலாளி. வயது ஐம்பத்தேழு. சீடன் குருவைவிட இவ்வளவு மூத்தவன் என்பதில் இருவருக்கும் சங்கடம் இல்லை. வளைவில் எந்த இடத்தில் பிரேக்கை விடவேண்டும் என்று சுகந்திக்குத் தெரியும், நாச்சிமுத்துவுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

பதினேழு வயதிலிருந்து நாச்சிமுத்துவுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசை. கல்யாணம், பட்டறை, இரண்டு பெண்களின் படிப்பு என்று அது தள்ளிக்கொண்டே போனது. போன வருஷம் கண் டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, இன்னும் நாலு வருஷம் ஓட்டலாம், அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

அன்றைக்கே நேராக ஷோரூமுக்குப் போய் முன்பணம் கட்டிவிட்டார். மனுஷனை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. அந்தக் காரை வாங்குகிறவர் விருப்பப்படிதான் கட்டித் தருவார்கள். நிறம், கியர், சீட், சத்தம் எல்லாவற்றையும் அவரே சொல்ல வேண்டும். ஐந்து வாரமாக, தினமும் பயிற்சி முடிந்ததும் நாச்சிமுத்து கேட்டது ஒரே கேள்வி.

“ஏனுங் அம்மணி, என்ன கலர் எடுக்கட்டும்?”

“மூணாவது வளைவுல சீக்கிரமே பிரேக் புடிக்கறீங்ணா. மொதல்ல அதைப் பாருங்க” என்பார் சுகந்தி.

கடைசி நாளும் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் படிவத்தை அனுப்பாவிட்டால் அவருடைய முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அனுப்பிவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது. நாச்சிமுத்து படிவத்தைத் தூக்கிக்கொண்டு மத்தியானமே வந்து உட்கார்ந்துவிட்டார்.

“இன்னைக்கு நீங்க சொல்லித்தான் ஆகோணும்.”

சுகந்தி படிவத்தை வாங்கி, பழைய டயர் அடுக்கின்மேல் ஒரு அட்டையைப் போட்டு வைத்துக்கொண்டார்.

“நீங்க சொல்லுங்ணா. நான் எழுதறேன். கலர்?”

“எனக்கு மஞ்சள்னா உசுருங்க. ஆனா தொழில் பண்றவன் மஞ்சள் வண்டியில போனா, மஞ்சக் கடுதாசி குடுக்க ஒத்திகை பாக்கறான்னு ஊரே சிரிக்கும்.”

“சிரிச்சா?”

“அது கூடப் பரவால்லீங்க. மஞ்சளை நாளைக்கு விக்க முடியாது. வெள்ளையே இருக்கட்டும். வெள்ளைன்னா யோசிக்காம வாங்கிக்குவாங்க.”

சுகந்தி ‘வெள்ளை’ என்று எழுதினார்.

“கியர்?”

“கையில கியர் போட்டு ஓட்டறதுதானுங்க ஓட்டறது.” சொல்லும்போதே அவருடைய இடது கை காற்றில் ஒரு கியரை மாற்றியது. “ஆனா இப்ப யாரு அதைக் கேக்கறாங்க? ஆட்டோமேட்டிக் போட்டுருங்க.”

“சீட்?”

“அந்தப் பந்தய சீட்டு இருக்குதுங்களே, ஷோரூம்ல உக்காந்து பாத்தேன். முதுகை அப்படியே கவ்விப் புடிக்குது. எந்திரிக்கவே மனசு வரலீங்க.”

“பந்தய சீட்டுன்னு எழுதட்டுமா?”

“ஐயோ, வேண்டாமுங்க. எனக்குச் சரியா இருக்குது. வாங்கறவன் குண்டா இருந்தா என்ன பண்ணுவான்? சாதா சீட்டே எழுதுங்க.”

எழுதினார்.

“சைலன்சர்? சத்தம் வர்றதா, வராததா?”

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. பிறகு யாரோ அதட்டியதுபோல அடங்கியது.

“சத்தம் வேண்டாமுங்க. விரட்டி ஓட்டியிருப்பான்னு சொல்லி விலையைக் குறைப்பாங்க.”

“வேற ஏதாச்சும்?”

“சீட்டு மேல இருக்கற பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமக் குடுக்கச் சொல்லி ஓரத்துல எழுதிருங்க. அழுக்குப் படாம அப்படியே இருக்கும்.”

அதையும் எழுதினார். நாச்சிமுத்துவுக்குப் பெரிய பாரம் இறங்கியது. ஐந்து வாரமாகத் தூங்க விடாத விஷயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

“அவ்வளவுதானுங்களே? குடுங்க அம்மணி, கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்.”

“ஒண்ணு பாக்கி இருக்குதுங்ணா. பேரு எழுதோணும்.”

“என்ற பேரு உங்களுக்குத் தெரியாதா?”

“உங்க பேரு தெரியும். உங்களுக்கு மஞ்சள் புடிக்கும், கையில கியர் போடப் புடிக்கும், அந்த சீட்டு புடிக்கும், சத்தம் புடிக்கும். அதுல ஒண்ணு கூட இதுல இல்லீங்களே. இது யாருக்கு எடுக்கற வண்டியோ, அவர் பேரைச் சொல்லுங்க.”

நாச்சிமுத்து சிரித்துவிட்டார்.

“நல்லாக் கேட்டீங்க போங்க. நாலு வருஷம் கழிச்சு வாங்கப் போறவன் பேரு எனக்கெப்படிங்க தெரியும்?”

சுகந்தி சிரிக்கவில்லை. பேனாவை மூடிப் படிவத்தின்மேல் வைத்தார்.

“அந்த நாலு வருஷமும் அவரு வண்டியை நீங்கதான் ஓட்டப் போறீங்க. சம்பளம் பேசிட்டீங்களாண்ணா?”