முந்திப் பிறந்த சடையன்

விளாமரக் காட்டுக் குரங்குகளுக்கு ஹாக்கி என்றால் உயிர். வளைந்த கிளைதான் மட்டை. விளாங்காய்தான் பந்து. வற்றிய ஏரிதான் மைதானம். அக்கரைக் கருங்குரங்குகளோடு ஆண்டுதோறும் பந்தயம் நடக்கும். ஜெயிக்கிற கூட்டத்துக்குத்தான் அந்தக் கோடையில் ஆற்றோர மாந்தோப்பு.

ஒரு பருவத்தின் முதல் மழைக்கும் அடுத்த பருவத்தின் முதல் மழைக்கும் நடுவில் பிறந்த குட்டிகள் எல்லாம் ஒரே வயது. இது காட்டின் கணக்கு. அந்தக் குட்டிகளிலிருந்து பூதன் என்ற கரடி ஓர் அணியைப் பொறுக்கி வளர்க்கும்.

சடையன் முதல் மழை பெய்த அன்றே பிறந்தவன். துளிர் அடுத்த முதல் மழைக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்தவன். தேர்வு நாளில் சடையன் தோளால் ஓர் இடி இடித்தான். துளிர் உருண்டு போய்ப் புதருக்குள் விழுந்தான்.

“அடடா! இவன்தான் பிறவி ஆட்டக்காரன்!” என்று கரடி கைதட்டியது. “துளிர், உனக்கு இதெல்லாம் சரிப்படாது. போய் விளாங்காய் பொறுக்கு!”

“மாமா, அண்ணன் என்னைவிட ரொம்பப் பெரியவர்...”

“கணக்குல ரெண்டு பேரும் ஒரே வயசு! சாக்குச் சொல்லாதே!”

சடையன் அந்தப் பட்டத்தை அப்படியே நம்பிவிட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். கேட்காத அணில்களுக்கெல்லாம் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். அணியில் இருந்த எல்லாருமே மழைக்காலத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் என்பதை ஒருநாள் கவனித்தான். “முதல் மழைத் தண்ணியிலேயே ஹாக்கி கலந்திருக்கு போல!” என்று பூரித்துப் போனான்.

தினமும் பயிற்சியும் நல்ல பழங்களும் அவர்களுக்குத்தான் கிடைத்தன. பிந்திப் பிறந்த குட்டிகள் வெறுத்துப்போய் மட்டையைத் தூக்கி எறிந்தார்கள். துளிர் மட்டும் எறியவில்லை. யாரையும் இடித்துத் தள்ள அவனால் முடியாது. அதனால் எதிராளி நெருங்குவதற்குள் காயைத் திருப்பிக்கொண்டு நழுவப் பழகினான்.

எல்லாரும் வளர்ந்தார்கள். பந்தய நாள் வந்தது. கேப்டன் சடையன் வழக்கம்போலத் தோளால் இடித்தான். கருங்குரங்கு அசையவே இல்லை. இன்னும் வேகமாக இடித்தான்.

“என்னப்பா, முதுகு சொறிஞ்சு விடுறியா? கொஞ்சம் மேலே சொறி!” என்றது கருங்குரங்கு.

சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்து மோதினான். மோதிய வேகத்தில் தானே தெறித்துப் போய், ஏரியில் வற்றாமல் மிச்சமிருந்த சேற்றில் உட்கார்ந்தான். அதற்குள் கருங்குரங்குகள் ஒரு கோல் போட்டன. இன்னொன்றும் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

சேற்றில் இருந்தபடியே யோசித்தான். ‘எனக்கு என்ன தெரியும்? இடிக்கத் தெரியும். அதுவும் என்னைவிடச் சின்னவனாப் பார்த்து இடிக்கத் தெரியும்!’ அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“கோல் விழுந்துகிட்டு இருக்கு, என்னடா இளிப்பு?” என்று கரடி கத்தியது.

“என்னைப் பார்த்துத்தான் மாமா சிரிக்கிறேன்! அணிலுக்கெல்லாம் பாடம் நடத்தினேனே!” என்றபடி சடையன் எழுந்து வந்தான். காய் பொறுக்கிக்கொண்டிருந்த துளிரிடம் தன் இடத்தைக் காட்டினான். “நீ உள்ளே போடா!”

“பிறவி ஆட்டக்காரன் வெளியே போறதா?” என்று கரடி பதறியது.

“நான் ஆட்டக்காரனே இல்லை மாமா. முந்திப் பிறந்தவன், அவ்வளவுதான்!”

துளிர் உள்ளே போனான். இப்போது அவனும் சடையன் உயரம் இருந்தான். கருங்குரங்குகள் இடிக்க வந்தன. இடிக்க அவன் அங்கே இல்லை! ஒரு கோல் போட்டான். திரும்பி வந்து இன்னொன்றும் போட்டான். அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. ஒரே கோல் வித்தியாசத்தில் மாந்தோப்பு அக்கரைக்குப் போயிற்று.

“உன்னை மாதிரி இன்னும் ஒருத்தன் இருந்திருந்தா!” என்று கரடி தலையில் கைவைத்தது.

“நிறையப் பேர் இருந்தாங்க மாமா. நீங்கதான் வேண்டாம்னு அனுப்பிட்டீங்க” என்றான் துளிர்.

 சடையனுக்கும் அது உறைத்தது. அணியில் இருந்தபோது, ஒதுக்கப்பட்ட குட்டிகளுக்காக அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் காலையில் சடையன் துளிரைத் தேடிப் போனான். “டேய், அந்தக் காயை எப்படித் திருப்புறே? எனக்கும் சொல்லிக்கொடு!”

துளிர் செய்து காட்டினான். சடையன் செய்து பார்த்தான். காய் ஒரு பக்கம் போயிற்று, அவன் ஒரு பக்கம் விழுந்தான். சுற்றி நின்ற அணில்கள் சிரித்தன. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் சடையன்தான். பிறகு எழுந்து மறுபடியும் மட்டையைப் பிடித்தான்.

முந்தி வளர்ந்ததைத் திறமை என்று நம்பி ஏமாறவும் கூடாது. பிந்தி வளர்பவரை உதவாதவர் என்று ஒதுக்கவும் கூடாது.